வண்டி வராது என்று சொல்ல ஒருத்தி

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த லேப் மிஷின் முன்னால் குனிந்தே கிடந்து கழுத்து வலியை வாங்கிக்கொள்கிறாயா? இங்கே உன் அத்தான் நலம். யாருடைய ஃபிரிட்ஜையோ பிரித்துப் போட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நலமாக இருக்கிறார். நானும் நலம் என்று எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை.

போன வாரம் நீ போனில் "ஹலோ, ஹலோ, லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டாயே, லைன் நன்றாகத்தான் இருந்தது. அது நான்தான். பேருந்து நிலையத்து மைக்கில் இத்தனை வருஷம் கத்தினவளுக்கு இப்போது தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. அத்தானைப் பேசச் சொன்னால் "சரி, சரி" என்பதைத் தவிர அவருக்குப் போனில் வேறு வார்த்தை கிடையாது. அதனால்தான் கடிதம்.

இருமல் விடவில்லை என்று ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் கட்டிகள், வலது பக்கம் பெரியது. ஊசி விட்டுத் துளியூண்டு சதை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் ஓட்டை விழுந்து, நுரையீரல் சுருங்கிப்போய், விலாவில் குழாய் சொருகிப் படுக்க வைத்துவிட்டார்கள். புற்றுதான் என்று இங்கேயே சொல்லிவிட்டார்கள். எந்தப் புற்று என்றுதான் தெரியவில்லை. கழுத்தில் தைராய்டை எடுத்தோமே, அந்தப் பழைய சனியன் நுரையீரலுக்குக் குடிபோயிருக்கிறதா, இல்லை நுரையீரலிலேயே புதிதாகக் கிளம்பியதா? "பழசுன்னா போன தடவ மாதிரி அயோடின் குடிச்சா போதும்மா, பல வருஷம் ஓட்டலாம். புதுசுன்னா..." என்று டாக்டர் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை, நானும் பார்த்தேன்.

அதைக் கண்டுபிடிக்கிற சோதனை இங்கே கிடையாதாம். சதையை மெழுகில் பதித்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்படியும் உன் கைக்குத்தான் வரும். பார்த்து எழுது.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், கழுத்து வலியும் நலம். உன் கடிதத்தைப் பஸ்ஸிலேயே படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். குழாய் எடுத்தாயிற்றா? மூச்சு எப்படி இருக்கிறது? இவ்வளவு நடந்திருக்கிறது, எனக்கு இப்போதுதான் சொல்கிறாய். உன்னோடு நேரில்தான் சண்டை போட வேண்டும்.

உன் பிளாக் வந்துவிட்டது. கட்டைவிரல் அகல மெழுகு, நடுவில் அறுந்த நூல் துணுக்கு போல உன் சதை. அதை மிஷினில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக வெட்டுவேன். வெட்டிய மெழுகை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் போய்விடும். கண்ணாடித் துண்டால் அள்ளி எடுத்து மருந்து ஊற்றுவோம். ஒவ்வொரு மருந்தும் ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். அது இருந்தால் பழுப்பு நிறம் வரும், இல்லாவிட்டால் வெறும் நீலம்.

தைராய்டு மட்டும் செய்கிற புரதம் ஒன்று உண்டு, தைரோகுளோபுலின். அது பழுப்பாக வந்தால் உன் பழைய சனியன். நாப்சின் என்று இன்னொன்று. அது பழுத்தால் நுரையீரலின் சொந்தச் சரக்கு. மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கிற வேறு யாருடைய சதையையோ அதே கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைப்போம். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர்.

சொந்தக்காரர்களின் சாம்பிளை நாங்கள் தொடக் கூடாது, பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். பக்கத்து மேஜையில் ஒல்லி இருக்கிறாள். நல்லவள்தான், ஆனாலும் இது என் அக்காவுடையது என்று நான் சொல்லவில்லை. உன்னுடையதை நானே வெட்டுவேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். தைரியமாக இரு.

குட்டி


பிப்ரவரி 21

அன்புள்ள குட்டிக்கு,

நலம். குழாயை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் நின்று ஊர் வேடிக்கை பார்க்கிறேன். அத்தான் கேட்டால் மூச்சு வாங்குவதாகச் சொல்வதில்லை, வேடிக்கை என்றுதான் சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அந்த ஊசியை மட்டும் இன்னொரு தடவை குத்துவோம் என்று எவராவது சொன்னால் நான் எழுந்து ஓடிவிடுவேன். மூச்சை இழுத்தால் உள்ளே போகாமல் நின்றது குட்டி. ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. அந்த நேரத்தில் உன் முகம்கூட ஞாபகம் வரவில்லை, வெறும் பயம். அதனால் அந்த நூல் துணுக்கைப் பார்த்துச் செலவு செய். என்னிடம் வேறு சரக்கு கிடையாது.

பழைய நோய் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆளை நீ பார்த்திருக்கிறாயா? நான் வேண்டிக்கொள்கிறேன். நேற்று பேருந்து நிலையத்து விசாரணை அறையில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னேன், "கழுத்துப் புத்தா இருந்தா எல்லாருக்கும் விருந்து" என்று. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா! அக்கா! அக்கா!

நலமா என்று அப்புறம் கேட்கிறேன். பழுப்பு! தைரோகுளோபுலின் பழுப்பாக வந்திருக்கிறது! உன் சதையின் ஓரத்தில், காபிக் கறை போல, சந்தேகமே இல்லாமல். கண்ணாடியைக் கழுவி எடுத்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒல்லி வந்து கதவைத் தட்டி, "யாருடி உள்ள, தண்ணி வீணாகுது" என்றாள்.

எங்கள் பெரிய டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, நாப்சினும் இன்னும் போடவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் உன் டாக்டருக்குத் தனியாக வரும். அதுவரை பொறுக்க என்னால் முடியாது. பழையதுதான் அக்கா. அயோடின்தான். நீ பிழைத்துக்கொள்வாய்.

அத்தானுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. குரல் இல்லை என்றால் அவரையே படிக்கச் சொல்.

குட்டி


மார்ச் 4

என் கண்ணே குட்டி,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை உன் அத்தான்தான் படித்தார். "காபிக் கறை" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். எத்தனை நாளுக்குப் பிறகு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன் தெரியுமா? மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். போன தடவை அயோடினுக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று எனக்கு மறக்குமா? தினம் போடுகிற தைராய்டு மாத்திரையை நிறுத்தினார்கள், அயோடின் உப்பை நிறுத்தினார்கள், முட்டை, பால், மீன் எல்லாம் தள்ளுபடி. உடம்பு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் குடிக்கிற மருந்து வேரோடு பிடிக்கும் என்றார்கள். ரிப்போர்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் ஒரு மாதம் தண்டம். அதனால் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். டாக்டருக்கு வேலை மிச்சம்.

உப்பில்லாமல் சாப்பிட்டால் பேப்பரை மெல்வது போலத்தான் இருக்கிறது. அத்தானும் என்னோடு சேர்ந்து பேப்பர் மெல்கிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சந்தோஷமாக இருக்கிறோம் குட்டி. நீ எப்போது வருவாய்?

அக்கா


மார்ச் 19

குட்டிக்கு அத்தான் எழுதுவது. நலம். நலம் அறிய ஆவல்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. அக்கா எழுதினதற்கு நீ பதில் போடவில்லை. மூன்று தடவை போன் பண்ணினேன், அடித்துக்கொண்டே இருந்தது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் கவலைப்படுகிறாள்.

அவளுக்கு முகம் வீங்கியிருக்கிறது. வெயிலில்கூடப் போர்வை கேட்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாள். மாத்திரை நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும், போன தடவையும் இருந்தது என்கிறாள். போன தடவை மூச்சு இப்படி வாங்கவில்லை. டாக்டரிடம் போவோம் என்றால் "ரிப்போர்ட் வரட்டும், குட்டி பார்த்துக்குவா" என்கிறாள்.

ரிப்போர்ட் ஏன் வரவில்லை? ஒரு வரி எழுது போதும்.

அத்தான்


மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். இங்கே வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை. சில சோதனைகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

அக்காவைத் தைராய்டு மாத்திரையை மறுபடியும் போடச் சொல்லுங்கள். இன்றைக்கே. உப்பும் சேர்த்துக்கொள்ளட்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

குட்டி


மார்ச் 29

அன்புள்ள குட்டிக்கு,

நலமா? நீ அத்தானுக்கு எழுதினதைப் படித்தேன். புரிந்துவிட்டது. அயோடின் தேதி தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே? அந்த மருந்துக்கு எப்போதும் வரிசைதான். அக்கா இத்தனை நாள் தாங்க மாட்டாளே என்று நீ பயந்து மாத்திரையைப் போடச் சொல்கிறாய். பைத்தியக்காரி. நான் தாங்குவேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வேனா? அத்தான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார், வாயை மூடிக்கொண்டேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதா? விரலும் வீங்கியிருக்கிறது, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஒரு நாளில் பாதி தூக்கத்தில் போகிறது. எழுந்ததும் கறையைத்தான் நினைத்துக்கொள்கிறேன், உன் காபிக் கறையை.

தேதி கிடைத்ததும் எழுது. நிற்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

இந்தக் கடிதத்தை அத்தான் படிக்கட்டும். படித்து முடித்ததும் முதலில் நீ மாத்திரையைப் போட்டுக்கொள். அத்தான், அவள் வாயில் போடும் வரை விடாதீர்கள். அடுத்து அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அது பழையது இல்லை. நுரையீரலின் புற்றுதான்.

நான் பார்த்த பழுப்பு உன்னுடையது இல்லை அக்கா. கன்ட்ரோலுக்காக யாருடைய தைராய்டையோ முதலில் வெட்டித் தண்ணீரில் மிதக்க விட்டேன். ஒரு பிளாக்கை வெட்டிவிட்டு அடுத்ததை மிதக்க விடும் முன் தண்ணீரின் மேல்பரப்பைத் தாளால் துடைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற முதல் பாடமே அதுதான். துடைக்காதவர்களைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு உன் பிளாக்கைக் கையில் எடுத்த அவசரத்தில் துடைக்கவில்லை. அந்தத் தைராய்டின் பொடித் துணுக்கு தண்ணீரில் கிடந்து உன் சதையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பழுத்தது அது. உன்னுடையது முழுக்க நீலம்.

பெரிய டாக்டர் அடுத்த வாரம் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இது மிதந்து வந்தது, திரும்ப ஒண்ணு வெட்டு" என்றார். வெட்டினேன். நீலம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. உன் சந்தோஷக் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் பாட்டில் உடைத்து மறுபடி வெட்டினேன். நீலம். சதையின் வேறு ஆழத்தில் இருக்கும் என்று இன்னும் உள்ளே வெட்டினேன். ரிப்போர்ட் கேட்டவரிடம் நாளை, நாளை என்றேன். நாப்சினை மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டேன். போட்டபோது முதல் தடவையிலேயே பழுத்தது.

இன்னும் இருக்கிறது. நுரையீரல் புற்றில் சிலருக்கு ஆல்க் என்று ஒரு புரதம் இருக்கும். அது இருந்தால் கீமோ ஊசி மருந்து வேண்டாம், தினம் ஒரு மாத்திரையில் வருஷக்கணக்கில் நன்றாக இருப்பார்கள். பெரிய டாக்டர் அதைப் பார்க்கலாம் என்று பிளாக்கைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெறும் மெழுகு. உன் நூல் துணுக்கு முழுவதையும் பழுப்பைத் தேடி நான்தான் வெட்டித் தீர்த்திருக்கிறேன். "யாரோடது இது?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சோதனைக்கு இன்னொரு தடவை ஊசி குத்திச் சதை எடுத்தாக வேண்டும். நீ ஊசியைப் பற்றி எழுதினது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

குட்டி


ஏப்ரல் 20

குட்டிக்கு அத்தான். நலம்.

அக்கா மாத்திரை போடுகிறாள். வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ரிப்போர்ட்டும் வந்தது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ச் சாப்பாட்டில் உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அதிலிருந்து உன்னைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. ஒரு நாள் காணோம் என்று தேடினேன். பேருந்து நிலையத்து அறையில், மைக் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

அத்தான்


மே 2

குட்டிக்கு,

ஊசி போட்டாயிற்று. போன புதன்கிழமை. அத்தான் வெளியே நின்றார், நான் உள்ளே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இந்தத் தடவை ஓட்டை விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். பிளாக் உங்களுக்கு வந்து சேரும்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தண்ணீரைத் துடைக்காததற்கு இல்லை. அவசரத்தில் எவளுக்கும் மறக்கும். நானே ஒரு தடவை வடக்கே போகிற வண்டியைத் தெற்கே என்று மைக்கில் சொல்லி, அரை பஸ் ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய் இறக்கினேன். நீ ஏனடி ஓடி வரவில்லை?

உனக்கு என் வேலை தெரியாது. வண்டி லேட் என்றால் லேட் என்று சொல்ல வேண்டும். வராது என்றால் வராது என்று சொல்ல வேண்டும். சொன்னால் திட்டுவார்கள், கவுன்ட்டரைக் குத்துவார்கள், பிறகு வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால், பாவம், மூட்டையோடு நின்றுகொண்டே இருப்பார்கள். என்னை ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வைத்துவிட்டாய். முகம் வீங்கி, உப்பில்லாமல், உன் கையை வாழ்த்திக்கொண்டு நின்றேன். அதுதான் ஆறவில்லை.

இந்தத் தடவை நீ வெட்டக் கூடாது. ஒல்லி வெட்டட்டும், நீ பக்கத்தில் நின்று பார். அவள் தண்ணீரைத் துடைத்தாளா என்று எழுது. என்ன நிறம் வந்தாலும் பெரிய டாக்டர் பார்த்த அன்றைக்கே எழுது. ஆறுதல் எல்லாம் அப்புறம். முதல் வரியிலேயே சொல்.

எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது குட்டி. இருக்கக் கூடாது என்று பார்க்கிறேன், போக மாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 11

அக்கா,

அந்த வண்டி வராது.

ஒல்லிதான் வெட்டினாள். கன்ட்ரோலை வெட்டிவிட்டுத் தண்ணீரைத் துடைத்தாள். நான் கேட்டதற்காக இன்னொரு தாள் எடுத்து மறுபடியும் துடைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன், எதையும் தொடவில்லை. கன்ட்ரோல் நன்றாகப் பழுத்திருந்தது. உன்னுடையதில் பழுப்பு இல்லை, ஆல்க் கிடையாது. பெரிய டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். அதே மாதிரி மாத்திரைக்கு வழி விடுகிற மற்ற சோதனைகளும் போட்டார்கள், அவற்றிலும் ஒன்றும் இல்லை. இனி ஊசி மருந்துதான். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். உன் டாக்டர் ஜன்னலைப் பார்த்தது போல இவர் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்து, "அதிகம் இல்லம்மா" என்றார்.

பிளாக்கில் இன்னும் சதை மிச்சம் இருக்கிறது. அதை நான் வெட்ட மாட்டேன்.

வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், எவ்வளவு நாள் என்று போடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் வருகிறேன். நேரத்துக்கு வருமா என்று உன் அறையில் கேட்டு வைத்துக்கொள். லேட் ஆனால் லேட் என்று சொல்லச் சொல்.

நீ வந்து நிற்காதே அக்கா. வீட்டில் உட்கார்ந்திரு, நானே வருகிறேன்.

குட்டி